வாசலுக்கு நேரே ஒரு தூண்

ரசமட்டத்துக் குமிழ் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது, இனி என்ன, போய்க் கையைக் கழுவிவிட்டு உட்கார வேண்டியதுதான், ஆனால் சண்முகையா கழுவவில்லை, மட்டத்தை எடுத்துத் தூணின் அடுத்த பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் குமிழ் நடுவில்தான் நின்றது, ஏதாவது ஒரு பக்கம் கோணலாக இருந்திருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், செய்வதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கும். வாசல் கேட்டுக்கான தூண் என்று சொல்வது இப்போதைக்கு ஒரு மரியாதைக்குத்தான். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பிளாஸ்டிக் குழாய், உள்பக்கம் பழைய எஞ்சின் ஆயில் தடவியது, நடுவில் கட்டுக்கம்பியால் கட்டிய கம்பிக்கூடு, மற்றதெல்லாம் காலையிலிருந்து அவரே குழைத்து அவரே சட்டி சட்டியாக ஊற்றிக் குத்திக் குத்தி இறக்கிய கலவை. சுற்றிலும் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து நிற்கிறது. இறுகுகிற வரைக்கும் அது தூணும் இல்லை, குழம்பும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்து இறங்குவதற்குள் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் கடப்பாரை போட்டாலும் அசையாது, அதற்கு முன்னால் என்றால் ரெண்டு பேர் பிடித்து ஆட்டினால் வந்துவிடும். வந்துவிடும் என்ற இந்த வார்த்தை எங்கிருந்து மண்டைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது என்று அவருக்குக் கோபமாக இருந்தது. யார் எடுக்கப்போகிறார்கள் வருவதற்கு? எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், உலகம்மாள் வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. கதவின் இரண்டு பலகைகளும் சேருகிற கோட்டுக்கும் இவருடைய தூணின் நடுவுக்கும் நூல் பிடித்தது போல ஒரே நேர். உலகம்மாளின் மகள் சுகந்திக்கு விடியற்காலையில் பிரசவ வலி எடுத்து, எல்லோரும் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள்.

வாசக்குத்து என்று அதற்குப் பெயர். ஒரு வீட்டு வாசலுக்கு நேர் எதிரே தூணோ மரமோ கம்பமோ நின்றால் அது அந்த வீட்டைக் குத்துமாம், குத்தினால் முதலில் படுவது வீட்டில் உள்ள பெண்பிள்ளைக்கும் சிறுபிள்ளைக்குமாம். உலகம்மாள் போன வாரமே வந்து சொன்னாள், சண்டை போடவில்லை, கையில் ஒரு கிண்ணம் பணியாரத்தோடு வந்தாள். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய, பழைய தூணு ஓரமா நின்னுச்சு, நாங்க ஒண்ணும் சொல்லல. இப்பம் நீங்க குறிபோட்டுருக்க எடம் எங்க வாசலுக்கு நெஞ்சுக்கு நேரா இருக்கு. பிள்ள பேறுகாலத்துக்கு வந்திருக்கா. கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன?" தள்ள முடியாது. பழைய மரத்தூணைச் செல் அரித்துவிட்டது, புதிதாகச் செய்த இரும்புக் கேட்டு பழையதைவிட அகலம், அந்தப் பக்கம் நகர்த்தலாம் என்றால் குடிதண்ணீர்க் குழாய் போகிறது. இதை மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது ஒரு பக்கத்து வீட்டுப் பேச்சாக முடிந்திருக்கும். ஆனால் சண்முகையா பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர், லீவு நாளெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பேயில்லை பிசாசில்லை மந்திரமில்லை என்று மேடையில் செய்து காட்டுகிற ஆள், எலுமிச்சம்பழத்தை வெட்டி ரத்தம் வரவைத்து, அது ரத்தம் இல்லை மருந்து என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிற ஆள், அவர் வாய் சும்மா இருக்குமா. சிமெண்டும் ஜல்லியும் எப்படிம்மா குத்தும், அதுக்குக் கை இருக்கா, கத்தி இருக்கா, கரண்டு கம்பம் ஊர் பூராவும் எத்தனை வாசலுக்கு நேரா நிக்கி, அந்த வீட்டிலெல்லாம் பிள்ளை பிறக்கலையா என்று ஒரு பிரசங்கமே வைத்துவிட்டார். பணியாரத்தையும் தின்றுகொண்டேதான் வைத்தார். உலகம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். அது பெரிய காரியமில்லை. அடுத்த நாள் சுகந்தி வந்ததுதான் காரியம். நிறை வயிற்றைத் தூக்கிக்கொண்டு சந்தைக் கடந்து வந்து, குறிபோட்ட இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, "மாமா, கொஞ்சம் தள்ளி வச்சிருங்களேன்" என்றாள். யார்? சுகந்தி. சண்முகையாவுக்கும் அவர் மனைவி கோமதிக்கும் பிள்ளை இல்லை, பால்குடி மறந்த நாளிலிருந்து பாதி நாள் இந்த வீட்டில்தான் அவள் சாப்பாடு, பாதி நாள் தூக்கமும். மேடையில் கொளுத்திய கற்பூரத்தை நாக்கில் வைக்க யார் வருகிறீர்கள் என்று இவர் கேட்டபோது பள்ளிக்கூடமே பின்னால் நகர, முன்னால் வந்து நாக்கை நீட்டியவள். சுடாதும்மா, நாக்கு ஈரமா இருந்தாச் சுடாது என்று காதில் சொன்னார், அவ்வளவுதான், வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அந்த நாக்கு இப்போது தள்ளி வையுங்கள் என்கிறது. "நீயுமாட்டி?" என்றார். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள், நடக்கிறபோது ஒருக்களித்துத்தான் நடந்தாள், பாதம் வீங்கியிருந்தது. அன்றைக்கே சிமெண்ட் மூட்டைக்குச் சொல்லிவிட்டார். கோபத்தில்தான் சொன்னார், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. கையுறை போடச் சொல்லிக் கோமதி எப்போதும் தலைபாடாக அடித்துக்கொள்வாள், கலவை குழைக்கிறபோது மண்ணைத் தொடாமல் குழைத்தால் அது வேலை மாதிரியே இருக்காது என்று இவர் வெறுங்கையோடு இறங்கியதன் கூலி. தொட்டித் தண்ணீரில் கையை விட்டார், தண்ணீர் பட்டதும் இன்னும் எரிந்தது. காலையில் ஆட்டோ வந்து நின்றபோது இவர் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். சுகந்தியை இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள், இவரைப் பார்க்கவில்லை. உலகம்மாள் பார்த்தாள். இவரைப் பார்க்கவில்லை, குழியைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், ஒரு வார்த்தை, அண்ணாச்சி நீங்க நல்லா இருப்பியளா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசு லேசாகியிருக்கும். பார்த்தாள், ஏறினாள், ஆட்டோ போய்விட்டது. ஆட்டோ திருப்பத்தில் மறைந்த பிறகுதான் இவர் மூட்டையைப் பிரித்தார். பிறகுதானா? முன்னாலேயே பிரித்துவிட்டோமோ? இல்லை, பிறகுதான். ஆட்டோ போகட்டும் என்று கை காத்துக்கொண்டிருந்ததா, இல்லை தற்செயலா? தற்செயல்தான், மணலைச் சலிக்க வேண்டியிருந்தது. மணலை நேற்றே சலித்தாகிவிட்டது. அப்படியானால் எதற்காக நின்றோம்? கம்பிக்கூட்டை நேராக நிறுத்திக்கொண்டிருந்தோம். அதுவும் நேற்றே. ஆள் இல்லாத நேரம் பார்த்து நட்டுவிட்டான் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், சொல்லாமல் இருப்பார்கள், அதுதான் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊற்றினோம், வேறு நாள் பள்ளிக்கூடம், பிரித்த மூட்டையை வைத்திருந்தால் கட்டிதட்டிவிடும். பிரித்தது யார்? நீதான். சண்முகையாவுக்குத் தன்னோடு பேசிக்கொள்கிறபோது எதிராளி எப்போதும் கொஞ்சம் கெட்டிக்காரனாகவே வாய்த்துவிடுவான்.

அவர் தூணைத் தட்டிப் பார்த்தார். மேலே கலவை கசிந்த தண்ணீர் ஒரு சில்லறைக்காசு அளவுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது, விரலால் தொட்டார், குழி விழுந்தது, மெதுவாக மூடிக்கொண்டது. இன்னும் இறுகவில்லை. நல்லது என்று நினைத்தார், உடனே எதற்கு நல்லது என்று கேட்டுக்கொண்டார். கணக்கு இதுதான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தூண் குத்தாது என்று நிரூபணம் ஆகுமா? ஆகாது. அவர்கள் குலசாமி காப்பாற்றியது என்று சொல்வார்கள். வேறு மாதிரி ஏதாவது ஆனால், ஆகாது, ஆனால், அப்போது மட்டும் அது நிரூபணம், ஊர் வாய்க்கு வேறு சாட்சியே வேண்டாம், சுகந்தி இந்த வாசலைத் தாண்டுகிற ஒவ்வொரு நாளும் தூணைப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் இந்த ஆட்டத்தில் தூண் ஜெயிக்கவே முடியாது, தோற்க மட்டும்தான் முடியும். இதை முந்தியே யோசித்திருக்க வேண்டும், விஞ்ஞானம் பேசுகிறவன் இதை முதலில் யோசித்திருக்க வேண்டும். முற்றத்தில் எங்கேயோ பல்லி சத்தம் கொடுத்தது. கிழக்கா தெற்கா என்று காது திரும்பிவிட்டது. சண்முகையா அந்தக் காதை மன்னிக்கவே இல்லை. ஊர் ஊராகப் போய் ஒலிபெருக்கியில் கத்துகிறவன் காது, தெற்கே சொன்னால் ஆகாது என்று எந்த மூலையில் எழுதி வைத்திருந்தது அதை? பிறகு ஒரு பூனை மதில்மேல் நடந்து போனது, இவர் அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே கொத்துக்கரண்டியை எடுத்துத் தேய்த்தார். பூனை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று தெரியாமல் இருக்க வேண்டுமென்று தலையைக் குனிந்துகொண்டவருக்கு, நம்பிக்கை இல்லாதவன் எதற்காகக் குனிகிறான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. பயமாக இருந்தது. இத்தனை நேரமும் எரிச்சல் என்றும் கோபம் என்றும் வெயில் என்றும் பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது வேறொன்றும் இல்லை, பயம்தான். பிளாஸ்டிக் குழாய்க்குள் அவர் கையாலேயே ஊற்றிய சிமெண்டைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது.

கோமதி வீட்டுக்குள்ளிருந்து ஒரு செம்பு நீர்மோரோடு வந்தாள். காலையிலிருந்து அவள் இந்தப் பக்கமே வரவில்லை. தூணைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதும் இல்லை, அடுப்பைத் துடைத்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள், துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். செம்பை மதில்மேல் வைத்துவிட்டு, "போன் வந்துச்சு" என்றாள். "யாரு?" "உலகம்மா மைனிதான். இன்னும் ஆகலையாம். வயித்துப் பிள்ளைக்குத் துடிப்பு கொறயுதுன்னு டாக்டரம்மா சொல்லுதாங்களாம். கொஞ்ச நேரம் பாத்துட்டு ஆபரேசனுக்குக் கொண்டு போவாங்களாம்." துடிப்புக் குறைவது எதனால் என்று சண்முகையாவுக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறார், கொடி சுற்றியிருக்கலாம், வலி நீண்டிருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், ஆபரேசன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணப் பட்டியலில் சிமெண்ட் இல்லை. பட்டியல் முழுவதும் நிற்கிறது, துடிப்பும் குறைகிறது. சுகந்தியின் நாக்கு, ஈரமாக, நீட்டியபடி, நடுவில் நெருப்பு. சுடாதும்மா. "மோரக் குடிங்க" என்றாள் கோமதி. "நீ என்ன நெனைக்க?" "நான் ஒண்ணும் நெனைக்கல." "சும்மா சொல்லு." "சொன்னாக் கேக்கவா போறிய?" என்றவள் தூணைப் பார்க்காமல் எதிர்வீட்டுப் பூட்டைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது, வெங்காயமாக இருக்கலாம், இன்றைக்கு வெங்காயம் உரித்தாளா என்று இவருக்குத் தெரியாது. தூணை நான் எடுப்பது அது குத்தும் என்பதற்காக இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கிற உலகம்மாள் இதையே நினைத்துக்கொண்டிருப்பாள் என்பதற்காக, மனுசனுக்கு மனுசன் ஒரு நிம்மதி, அதில் விஞ்ஞானத்துக்கு ஒரு பங்கமும் இல்லை என்று மனசுக்குள் ஒரு சப்பைக்கட்டு கட்டி முடிக்கிறதற்குள் அவர் கால் முதல் முட்டுக்கம்பை உதைத்துத் தள்ளியிருந்தது. கால் முந்திக்கொண்டது. "ஏ கோமதி, அந்தப் பக்கம் பிடி."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயைக் கட்டிப் பிடித்தாள், பிடித்த வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து இதற்காகவே காத்துக்கொண்டிருந்தாள் போலிருந்தது. தூண் வரமாட்டேன் என்றது. அடியில் இறுக ஆரம்பித்திருந்தது, இவர் இடுப்பைக் கொடுத்துத் தள்ளினார், அவள் இழுத்தாள், பிறகு அவள் தள்ளினாள், இவர் இழுத்தார், கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தை இவ்வளவு மூச்சுவாங்கச் செய்ததில்லை. பையப் பைய என்றாள், சீக்கிரம் சீக்கிரம் என்றார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒரு நினைப்பும் குறுக்கே ஓடியது, ஆய்வகத்துச் சண்முகையா வாசக்குத்துக்குப் பயந்து தூணைப் பிடுங்கினான் என்று நாளைக்கு டீக்கடையில் நாறிப்போகும், நாறட்டும், துடிப்புக் குறைகிறது, இழு. குழிக்குள் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரேயடியாக எல்லா இறுக்கமும் விட்டுப்போய்த் தூண் சாய்ந்தது, சாய்ந்த வேகத்தில் இருவரும் மண்ணில் உட்கார்ந்தார்கள், குழாயின் வாயிலிருந்து காலை முழுவதும் குத்திக் குத்தி இறக்கிய கலவை கம்பிக்கூட்டைவிட்டு வழிந்து சந்து வரைக்கும் போய் நின்றது. கோமதிக்கு முழங்கையில் சிராய்த்திருந்தது. எதிர்வாசலுக்கும் இந்த வாசலுக்கும் நடுவில் இப்போது வெறும் வெயில். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். எங்கே ஆறுதல்? பிடுங்கிய பிறகு பயம் கூடிற்று, பிடுங்கியதால் இனி நல்லதே நடந்தாக வேண்டும் என்று யாரிடமோ கணக்குப் பேச ஆரம்பித்தது மனசு, யாரிடம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது, அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லித்தான் பாதி ஆயுசு கழிந்தது. மண்வெட்டியை எடுத்து வழித்தார். வழிக்க வழிக்க இறுகிக்கொண்டே வந்தது.

போன் மணி அடித்தபோது கோமதி ஓடினாள். இவர் மண்வெட்டியை விடாமல் வழித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவள் ஐயோ என்றாள், இவருக்கு உயிரே போய்விட்டது, பிறகு அது சந்தோஷ ஐயோ என்று புரிவதற்கு ஒரு யுகம் ஆனது. போனோடு வெளியே வந்து இவர் காதில் வைத்தாள். "அண்ணாச்சி!" உலகம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "பொம்பளப் பிள்ள! ஆபரேசனுக்கு எடுத்துட்டுப் போகப் போகத் தானாப் பொறந்துட்டு. கோமதி மைனி இப்பம்தான் சொன்னா, தூண எடுத்துட்டியளாம்லா. நீங்க எடுக்கவும் பிள்ள வரவும் சரியா இருக்கு பாத்தியளா! நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி." நல்லது, நல்லதும்மா என்றார். அந்த நேரத்தில் அவருக்கு விஞ்ஞானமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சிமெண்ட் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார், கண் எரிந்தது, எரியட்டும் என்று அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த 'சரியா இருக்கு' மெதுவாக உள்ளே இறங்கியது. இனி இந்தத் தெருவில் யார் வீட்டு வாசலுக்கு நேரே எது நின்றாலும், சண்முகையாவே பிடுங்கினாரே என்பார்கள். மேடையில் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுக்கும்போது முன் வரிசையில் யாராவது எழுந்து அந்தத் தூணு கதை என்ன சார் என்று கேட்பார்கள். கேட்கட்டும். பிள்ளை இருக்கிறது. கேட்கட்டும் என்று சொல்லிக்கொண்டே, என்ன பதில் சொல்லலாம் என்றும் யோசித்துக்கொண்டிருந்தார்.

வெயில் தணிந்த பிறகு சுகந்தியே பேசினாள். தொண்டை கம்மிக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. பேச்சுச் சத்தத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று பூனைக்குட்டி மாதிரி கத்தியது, அதுதான் என்று இவர் புரிந்துகொள்வதற்குள் அவள் கேட்டாள். "மாமா, தூண எடுத்துட்டியளாம்லா?" "நீ மொதல்ல படுத்துத் தூங்குட்டி." "அம்மா வார்டு பூராம் சொல்லிட்டு அலையுதா. நான் நம்பல. அன்னைக்கு நான் வந்து கேட்டது அம்மா வாய அடைக்கத்தான் மாமா, நீங்க மாட்டேன்னுதான் சொல்லுவியன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்." இவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "உள்ள வலி தாங்கலன்னதும் எனக்கே பயம் வந்துட்டு. சின்னப் பிள்ளையில அம்மா சொன்னது பூராம் வந்துட்டு, பல்லி, பூன, தூணு எல்லாம். அப்பம் நெனச்சுக்கிட்டேன், மாமா இந்நேரம் கலவைய ஊத்தி மட்டம் பாத்துட்டு இருப்பாங்க, அவங்களுக்கு ஒரு பயமும் இல்லன்னு. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்." பூனைக்குட்டிக் கத்தல் நின்றுவிட்டது, யாரோ தூக்கியிருக்க வேண்டும். "ஏன் மாமா எடுத்திய?" சண்முகையா குழியைப் பார்த்தார், சந்தில் இறுகிப்போய்க் கிடந்த கலவையைப் பார்த்தார், வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் உண்மையைத் தவிர வேறு பதில் தேடாதவர் என்று ஊரில் பேர். "மட்டம் சரியா இல்லட்டி. முட்டு நழுவிக் கோணிட்டு. அதான் எடுத்தேன்." அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு. "அப்பிடிச் சொல்லுங்க. நான்கூடப் பயந்தே போயிட்டேன். அப்பம் திரும்ப அங்கனதான நடுவிய?" "அங்கனதான்." "நான் பிள்ளையோட வாரதுக்குள்ள நட்டிருங்க மாமா. அது நிக்கணும், நான் அதத் தாண்டித்தான் உள்ள போகணும்." "சரிம்மா" என்றார். சரி என்று சொன்ன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார், அவள் வைத்துவிட்டிருந்தாள்.

கோமதி விளக்கைப் போட்டுவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். முழங்கைச் சிராய்ப்பில் மஞ்சள் அப்பியிருந்தாள். "என்ன சொல்லுதா பிள்ள?" "நாளைக்கு ஒரு மூட்ட சிமெண்டு வாங்கணும்" என்றார் சண்முகையா. "எங்கன நடப் போறிய?" அவர் கால் பெருவிரலால் குழியைக் காட்டினார். அவள் குழியைப் பார்த்தாள், அதற்கு நேரே எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள், அந்தக் கதவு திறக்கப்போவதையும் அதற்குள் தொட்டில் கட்டப்போவதையும் இருவரும் ஒரே நேரத்தில்தான் நினைத்திருக்க வேண்டும். "பச்சப் பிள்ள வருதே அந்த வீட்டுக்கு" என்றாள் மெதுவாக. கூட வாழ்ந்த இத்தனை வருசத்தில் அவளிடம் ஒரு நாளும் சொல்லாததைச் சண்முகையா அப்போது சொன்னார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு கோமதி. ஆனா நட்டாகணும்."